மார்ஜரி ராலிங்ஸ் வாழ்ந்த வீடு, க்ராஸ் க்ரீக்: அரை நாள் ஒதுக்கலாம்

ஃப்ளோரிடா என்றாலே டிஸ்னி, கடற்கரை, விண்வெளி மையம் என்றுதான் எல்லோரும் திட்டம் போடுகிறோம். அதில் அரை நாளை எடுத்து க்ராஸ் க்ரீக்குக்குக் கொடுங்கள். நாவலாசிரியரும் பத்திரிகையாளருமான மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் 1928 முதல் வாழ்ந்து எழுதிய மரவீடு அங்கே மாநிலப் பூங்காவாகப் பராமரிக்கப்படுகிறது. கெய்ன்ஸ்வில் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 20 மைல். அமெரிக்காவில் நான் பார்த்த எழுத்தாளர் வீடுகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தமிழ் வார இதழில் பல வருஷம் மகளிர் பக்கம் பார்த்தவள். கோலம், ஊறுகாய், வாசகியர் கடிதம், நடுவே எப்போதாவது உருப்படியான ஒரு பேட்டி. அந்தப் பக்கத்துக்கு எழுதுகிறவர்களை அலுவலகத்தில் யாரும் எழுத்தாளர் என்று நினைத்ததில்லை. ராலிங்ஸும் அப்படி ஒரு பக்கத்திலிருந்து வந்தவர்தான். அதனால் இந்த வீட்டை நான் பார்த்த விதத்தில் அந்தப் பாசம் நிச்சயம் கலந்திருக்கும்.

கட்டண விவரம் முதலில். நாங்கள் போனபோது வண்டி ஒன்றுக்கு 3 டாலர். நுழைவாயிலில் வசூலிக்க ஆள் கிடையாது. உறைக்குள் பணத்தை வைத்து அங்கிருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மீதி கொடுக்க ஆள் இல்லாததால் சில்லறையாகக் கொண்டுபோவது நல்லது. வீட்டுக்குள் சுற்றிப் பார்க்கப் பெரியவர்களுக்குத் தலைக்கு 5 டாலர் தனி. தோட்டம், கொட்டகை, நடைபாதைகள் எல்லா நாளும் திறந்திருக்கும். வீட்டை மட்டும் வியாழன் முதல் ஞாயிறு வரை, அதுவும் அக்டோபரிலிருந்து ஜூலை வரைதான் காட்டுகிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நேரங்கள் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தை ஒரு முறை பாருங்கள்.

ஒரு சுற்றுக்குப் பத்துப் பேர்தான். இந்த அளவு எனக்கு ரொம்பப் பிடித்தது. வேறொரு மாநிலத்தில் ஒரு பெரிய எழுத்தாளரின் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அறை வாசல்தோறும் கயிறு கட்டி, ஆளுக்கொரு ஒலிக்கருவியைக் காதில் மாட்டி, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். யாரிடமும் எதுவும் கேட்க முடியவில்லை. இங்கே அப்படியில்லை. 1930களின் உடையில் ஒரு வழிகாட்டி அம்மா வந்தார். எங்களை வராந்தாவில் நிற்க வைத்து, வீட்டுக்குள் நுழையும் முன்பே கால் மணி நேரம் நிதானமாகப் பேசினார். கேள்வி கேட்டால் சந்தோஷப்பட்டார். பத்துப் பேருக்கும் அவர் குரல் கேட்டது, எங்கள் கேள்விகளும் அவருக்குக் கேட்டன.

வீடு பெரியதில்லை. வடக்கு ஃப்ளோரிடாவின் ஏழை வெள்ளைக் குடியானவர்களை க்ராக்கர்கள் என்பார்கள். அவர்கள் கட்டிய பாணியிலேயே இதுவும் இருக்கிறது. தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், கீழே காற்று ஓடுகிறது. பலகைச் சுவர், உயரமான கூரை, நீண்ட வராந்தாக்கள். பார்த்தால் ஒரே வீடு போலத் தெரியாது. தனித்தனிக் கட்டடங்களை வராந்தாக்கள் சேர்த்துப் பிடித்திருப்பது புரியும். சமையல் பகுதி ஒதுங்கி இருக்கிறது. விறகடுப்பின் சூடும் தீ பிடிக்கும் அபாயமும் படுக்கையறை வரைக்கும் வராமலிருக்கத்தான் அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள்.

முன் வராந்தாவில் ஒரு வட்ட மேசை. பனை மரத் துண்டுதான் அதற்குக் கால். அதன்மேல் டைப்ரைட்டர். அங்கே உட்கார்ந்துதான் அவர் எழுதினார், மூடிய அறைக்குள் இல்லை. எதிரே சாலை, பக்கத்தில் ஆரஞ்சு மரங்கள். கோழியும் வாத்தும் இன்றும் திரிகின்றன. யார் நடந்து போனாலும் கண்ணில் படும் இடம் அது, யார் கூப்பிட்டாலும் காதில் விழும். எழுத்தாளருக்குத் தனிமை வேண்டும் என்பார்கள். இந்தப் பெண் ஊரைப் பார்த்த மாதிரி மேசையைப் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறார். நிருபரின் பழக்கம் அது என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே விளக்குக்கு மூடியாக மாவு பிசையும் மரக் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார். வந்த புதிதில் கழிவறை வெளியே தோட்டத்தில்தான் இருந்தது. பிறகு எழுத்தில் வந்த காசைக் கொண்டு வீட்டுக்குள் குளியலறை கட்டினார். அதைக் கொண்டாட விருந்து வைத்து, குளியல் தொட்டியில் ஐஸ் கட்டிகளையும் கழிவறைக் கோப்பையில் ரோஜாப் பூக்களையும் நிரப்பினாராம். வழிகாட்டி இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எழுதிச் சம்பாதித்த பணத்தில் ஒரு பெண் தன் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்த சந்தோஷம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

அறைகளில் அதிக நேரம் நின்றது சமையலறையில்தான். விறகடுப்பு அப்படியே இருக்கிறது. ராலிங்ஸ் சமையலில் பெரிய கெட்டிக்காரர். டோரா என்ற ஜெர்ஸிப் பசுவின் பாலாடையைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் பசி எடுக்கும். 1942இல் 'க்ராஸ் க்ரீக்' என்ற நினைவுக் குறிப்பு வந்தது. அதில் சாப்பாட்டைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு செய்முறை கேட்டு வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுத, அதே வருஷம் 'க்ராஸ் க்ரீக் குக்கரி' என்ற சமையல் புத்தகமும் வந்தது. முதலை வால் இறைச்சி, ஆமை, ஆரஞ்சு கேக் என்று அந்த நிலத்தில் என்னென்ன கிடைத்ததோ அத்தனையும் அதில் உண்டு.

இதற்குப் பிறகுதான் என் முக்கியமான கருத்து. இந்த வீடு ஒரு சமையல்காரியை, ஒரு தோப்புக்காரியை, ஒரு நாவலாசிரியரைக் காட்டுகிறது. பத்திரிகைக்காரியை அது காட்ட முடியாது. ஏனென்றால் அந்த வாழ்க்கை வேறு ஊர்களில் நடந்து, இங்கே வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பத்து வருஷத்தைத் தெரிந்துகொள்ளாமல் போனால் இந்த வராந்தாவில் பாதிதான் தெரியும். அதனால் அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1896இல் வாஷிங்டனில் பிறந்தவர். அப்பா அரசின் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். பதினொரு வயதிலேயே வாஷிங்டன் போஸ்ட் நடத்திய கதைப் போட்டியில் 2 டாலர் பரிசு வாங்கிய பெண். அப்பா இறந்ததும் அம்மாவோடு விஸ்கான்ஸின் மாநிலத்தின் மேடிசன் நகருக்கு வந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து 1918இல் பட்டம் பெற்றார். மறு வருஷம் கூடப் படித்த சார்லஸ் ராலிங்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் பத்திரிகை வேலை. கென்டக்கியில் லூயிவில் கூரியர் ஜர்னல், பிறகு நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் நாளிதழ்கள். பெண்களைப் பற்றிய சிறப்புக் கட்டுரைகள்தான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. இதற்கிடையே வாரி வாரிக் கதைகள் எழுதி அனுப்புவார், எல்லாம் திரும்பி வரும்.

1926இல் ராச்செஸ்டர் டைம்ஸ் யூனியன் நாளிதழில் 'இல்லத்தரசியின் பாடல்கள்' என்ற தலைப்பில் தினம் ஒரு செய்யுள் எழுத ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் 495 செய்யுள்கள். பாத்திரம் தேய்ப்பது, அப்பம் சுடுவது, சளி பிடித்த குழந்தை, அடுத்த வீட்டுக்காரி, துணி காயாத மழை நாள். மற்ற ஊர்ப் பத்திரிகைகளும் வாங்கிப் போட்டன. ராலிங்ஸுக்குக் குழந்தை கிடையாது. கல்யாண வாழ்க்கையும் அப்போது நன்றாக இல்லை.

இதை வழியில் நான் சொல்லிக்கொண்டே வந்தபோது, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "அம்மா, பிள்ளையே இல்லாதவங்க குழந்தைகளைப் பத்தி எப்படிம்மா எழுதினாங்க? பொய் இல்லையா?"

பொய் இல்லை, வேலை. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதுவது. எத்தனையோ பேர் அந்தச் செய்யுள்களை அசட்டு வேலை என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தினமும் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒரு முழு விஷயத்தை அடக்க வேண்டும், நாளைக்குள் கொடுக்க வேண்டும், படிக்கிற பெண் இது என் வீடுதான் என்று நினைக்க வேண்டும். அந்தக் கட்டாயத்தில் எழுதியவர் கை வேறு மாதிரி பழகும். பின்னால் அவருடைய நாவலில் வரும் அடுக்களையையும் பசியையும் விளைச்சல் கெட்டுப்போகும் பயத்தையும் படிக்கும்போது அந்த 495 நாளின் பயிற்சி எனக்குத் தெரிகிறது.

1928இல் அம்மா வைத்துவிட்டுப் போன பணத்தில் இந்த 72 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கினார்கள். ஆரஞ்ச் ஏரிக்கும் லாக்லூசா ஏரிக்கும் நடுவே ஓடும் ஒரு சின்ன ஓடை, அதன் கரையில் மொத்தம் ஏழு குடும்பங்கள், அவ்வளவுதான் ஊர். தோப்பு வருமானத்தில் உட்கார்ந்து எழுதலாம் என்பது திட்டம். பனி விழுந்தால் இரவெல்லாம் முழித்திருந்து, பிசின் ஊறிய பைன் கட்டைகளைத் தோப்பு முழுக்க எரித்துப் பழங்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கணவருக்கு இந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை. 1933இல் விவாகரத்து. ராலிங்ஸ் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்.

ராலிங்ஸ் முதலில் அக்கம்பக்கத்து மனிதர்களின் பேச்சையும் கதைகளையும் சின்னச் சின்னத் துணுக்குகளாக எழுதி ஸ்க்ரிப்னர்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார். 1931இல் அவை அச்சாயின. ஒகாலா ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், இப்படிப்பட்ட மனிதர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது என்று கோபமாக எழுதினார். நான் பார்த்தவர்கள்தான் இவர்கள் என்று ராலிங்ஸ் பதில் கொடுத்தார். பார்த்தவர் என்பது வெறும் வார்த்தையில்லை. அந்த வருஷமே ஒக்லவாஹா ஆற்றுக்கு அப்பால் உள்ள புதர்க்காட்டுக்குப் போய், கள்ளச் சாராயம் காய்ச்சிப் பிழைத்த ஒரு மகனும் அவன் வயதான தாயும் வாழ்ந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கினார். அவர்களோடு வேட்டைக்குப் போனார், துணி துவைத்தார், அவர்கள் பேச்சைக் குறித்துக்கொண்டார். 1933இல் வந்த முதல் நாவல் 'சவுத் மூன் அண்டர்' அங்கிருந்து பிறந்ததுதான். அந்தத் தாயின் பெயர் பையட்டி. நாவலின் கதாநாயகிக்கும் அதே பெயர்.

அப்போது ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்தவர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ். ஹெமிங்வே, ஃபிட்ஸ்ஜெரால்டு, தாமஸ் வுல்ஃப் ஆகியோரின் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தவரும் அவரே. ராலிங்ஸ் எழுதிய கடிதங்களில் வந்த ஆறு, வேட்டை, நாய், கரடி விவரங்களைப் படித்துவிட்டு, இந்தக் காட்டில் வளரும் ஒரு பையனைப் பற்றி எழுதுங்கள் என்று அவர் தூண்டினார். ராலிங்ஸ் உடனே உட்கார்ந்து எழுதிவிடவில்லை. நடுவில் வேறொரு நாவல் எழுதினார். அது அவருக்கே திருப்தி தரவில்லை. பிறகு பார்னி டில்லார்டு என்ற கிழட்டு வேட்டைக்காரரோடு கரடி வேட்டைக்குப் போய், அவர் நினைவிலிருந்த பழைய கதைகளையெல்லாம் கேட்டு வாங்கினார். 1938இல் 'தி இயர்லிங்' வந்தது. ஜோடி என்ற பையன், அவன் வளர்க்கும் மான் குட்டி, அந்த மான் குடும்பத்தின் சோளப் பயிரைத் தின்னும்போது வரும் முடிவு. அந்த வருஷம் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற நாவல் அது. 1939இல் புலிட்சர் பரிசு. 1946இல் கிரெகரி பெக் நடித்துப் படமாகவும் வந்தது.

இதைக் குழந்தைகள் புத்தகம் என்று இன்று ஓர் அலமாரியில் தள்ளிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு வருஷத்துக்கு ஒரு குடும்பம் எதைச் சாப்பிட்டது, அதை எப்படிச் சேர்த்தது, எது பறிபோனது என்று இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்த நாவல்கள் குறைவு. கடைசியில் அந்தப் பையன் செய்ய நேரும் காரியம் நம்மைத் தாக்குவதற்கே அந்தக் கணக்குதான் காரணம். சோளம் எத்தனை முக்கியம் என்று நமக்கு அதற்குள் தெரிந்துபோயிருக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம். சுற்றின் நடுவில் நான் வழிகாட்டியிடம் ஸெல்மா கேஸனைப் பற்றிக் கேட்டேன். நீங்களும் கட்டாயம் கேளுங்கள். ராலிங்ஸுக்கு இந்த ஊரில் முதலில் கிடைத்த தோழிகளில் ஒருவர் ஸெல்மா. 1930இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை ஸெல்மாவுக்கு வந்தபோது இருவரும் குதிரையேறி வீடு வீடாகப் போனார்கள். ஊர் மனிதர்கள் ராலிங்ஸுக்கு அறிமுகமானதில் ஸெல்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 'க்ராஸ் க்ரீக்' புத்தகத்தில் ராலிங்ஸ் அவரை அவர் பெயரோடே எழுதினார். கோபக்காரக் கேனரிப் பறவை என்று வர்ணித்தார். வயது சொல்ல முடியாத, கல்யாணமாகாத, சரளமாகத் திட்டக்கூடிய, ஊர் விவகாரம் அத்தனையையும் கையிலெடுத்து நடத்தும் பெண் என்று எழுதினார். பிரியத்தோடு எழுதியதுதான். ஆனால் ஸெல்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1943இல் 1,00,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

மானநஷ்டம் என்ற வாதம் நிற்கவில்லை. அந்தரங்கத்தில் தலையிட்டதாகச் சொன்ன வாதத்தை மட்டும் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் விசாரிக்க அனுமதித்தது. அந்த மாநிலத்தில் அப்படி ஒரு வழக்கு அதுதான் முதல். 1946 மே மாதம் கெய்ன்ஸ்வில்லில் விசாரணை நடந்தது. ஸெல்மாவுக்காக வாதாடியவர்களில் கேட் வால்டன் என்ற பெண் வழக்கறிஞரும் இருந்தார். பெண் வழக்கறிஞர்கள் அபூர்வமாக இருந்த காலம் அது. புத்தகத்தில் வந்த ஊர்க்காரர்கள் பலர் ராலிங்ஸுக்காகச் சாட்சி சொன்னார்கள். ஜூரி அரை மணி நேரத்துக்குள் ராலிங்ஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஸெல்மா மேல்முறையீடு செய்தார். 1947இல் உச்ச நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், அந்தரங்க உரிமை மீறப்பட்டது உண்மை, ஆனால் இழப்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 1 டாலரும் வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னது.

வழிகாட்டி இதை நேர்மையாகச் சொன்னார், யார் பக்கமும் சாயவில்லை. எங்கள் குழுவில் இருந்த ஒருவர் "ஒரு டாலர்தானே!" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு வருஷத்துக்கு மேல் எழுத்தைத் தின்ற வழக்கு அது. அதற்குப் பிறகு ராலிங்ஸ் இந்த ஊரைப் பற்றிப் புத்தகம் எழுதவே இல்லை. கடைசி நாவல் 'தி ஸோஜர்னர்' 1953இல் வந்தது, அதன் களம் வடக்கே உள்ள ஒரு பண்ணை. ஆண்டின் ஒரு பகுதியை நியூயார்க் மாநிலத்தில் வாங்கிய வீட்டில் கழித்தார்.

பேர் போட்டு எழுதியவர்களுக்கு இந்த வழக்கு உறைக்கும். பேட்டி கொடுத்த பெண்ணைப் பற்றி நாம் ஆசையாகப் போடும் ஒரு வரி, அவள் வீட்டில் எப்படிப் படிக்கப்படும் என்று நமக்குத் தெரியாது. ராலிங்ஸ் தன் பேனாவை நம்பினார், ஸெல்மா தன் பெயரை நம்பினார். இரண்டு பேருடைய நியாயத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் தீர்ப்பில் என் கை ஸெல்மா பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்கிறது. புகழ்பெற்றவர் எழுதினால் அதுதான் உலகத்துக்கு நிஜம். ஸெல்மாவிடம் பதில் எழுத ஒரு புத்தகம் இல்லை, நீதிமன்றம்தான் இருந்தது.

அதே காரணத்துக்காகத்தான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேலைக்காரர் வீட்டைப் பார்க்காமல் வராதீர்கள் என்று சொல்கிறேன். ஐடெல்லா பார்க்கர் என்ற கறுப்பினப் பெண் 1940 முதல் பத்து வருஷம் ராலிங்ஸிடம் சமையலும் வீட்டு வேலையும் செய்தார். ராலிங்ஸ் அவரை "குறையே இல்லாத பணிப்பெண்" என்று எழுதினார். அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து 1992இல் ஐடெல்லா தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். சமையல் புத்தகத்துக்கான பலகாரங்களைச் செய்து செய்து பார்த்ததில் தன் உழைப்பும் இருந்தது, தனக்குக் கிடைத்தது கையெழுத்துப் போட்ட ஒரு பிரதி மட்டும்தான் என்று அதில் சொல்கிறார். எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் ராலிங்ஸின் நண்பராக இங்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்து பேசிச் சிரித்தார். ஆனால் இரவு தூங்கியது பெரிய வீட்டில் இல்லை. அங்கே படுக்கையறை காலியாக இருந்தும் ஐடெல்லாவின் வீட்டில், ஐடெல்லாவின் கட்டிலில் இடம் பகிர்ந்து படுத்தார். ராலிங்ஸ் போகப் போக நிறவெறியை எதிர்த்துப் பேசத் தொடங்கியவர்தான், அதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் அந்தச் சின்ன வீட்டின் வாசலில் நின்று பெரிய வீட்டைத் திரும்பிப் பார்த்தால், நடுவில் உள்ள நடை தூரம் எத்தனை குறைவு என்று தெரியும். என் மகள் அங்கேதான் அதிக நேரம் நின்றாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்க் கொட்டகையில் 1940ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் வண்டி ஒன்று நிற்கிறது. ஆண்கள் எல்லோரும் அதைத்தான் படம் எடுத்தார்கள். காய்கறித் தோட்டம் நல்ல நிலையில் இருக்கிறது. 72 ஏக்கரும் இன்று தோப்பாக இல்லை, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் ஆரஞ்சு மரங்கள்தான். காட்டுக்குள் போகும் நடைபாதைகள் சிறியவை, வயதானவர்களும் நடக்கலாம். கொசு உண்டு, மருந்து பூசிக்கொள்ளுங்கள். உள்ளே சாப்பாட்டுக் கடை கிடையாது, தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முன்பே தொலைபேசியில் கேட்டுவிட்டு வருவது நல்லது, பழைய வீட்டில் படிகள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் முக்கால் மணி நேரம் சலிப்பாக இருக்கும். கோழிகளோடு வெளியே விட்டுவிடுங்கள், ஒருவர் கூட இருந்தால் போதும்.

நேரம் இருந்தால் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஐலண்ட் க்ரோவ் அருகே ஆன்டியாக் கல்லறைத் தோட்டம். 1953 டிசம்பரில் மூளையில் ரத்தக் கசிவால் இறந்த ராலிங்ஸ் அங்கே இருக்கிறார், 57 வயது. 1941இல் அவரை மணந்த நார்டன் பாஸ்கினும் பக்கத்திலேயே. ஸெல்மா கேஸனின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான், சில அடி தூரத்தில். இன்னொன்று ஒகாலா தேசிய வனத்துக்குள் இருக்கும் 'இயர்லிங்' நடைபாதை. நாவலில் வரும் பாக்ஸ்டர் குடும்பத்துக்கு மாதிரியாக இருந்தவர்கள் குடியிருந்த, புதர்க்காட்டின் நடுவே தீவு போலத் தெரியும் பைன் மரத் திட்டுக்குள் அது கூட்டிப் போகிறது. மணல் பாதை, நிழல் குறைவு. எங்களுக்கு வெயில் ஏறிவிட்டதால் கொஞ்ச தூரத்தோடு திரும்பிவிட்டோம். முழுக்க நடக்க நினைப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் போவது நல்லது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: வீட்டைப் பராமரிக்கும் விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து. வழிகாட்டிக்கும் ஐந்து. தகவலுக்கு நான்கரை. அரை மதிப்பெண் குறைத்ததற்கு அவர்கள் காரணமில்லை. லூயிவில்லிலும் ராச்செஸ்டரிலும் நடந்ததை ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டின் அறைகள் எப்படிச் சொல்லும்? அந்த இல்லத்தரசிச் செய்யுள்களைத் தொகுத்து வந்த புத்தகம் ஒன்று உண்டு. நூலகத்தில் கிடைத்தால் போவதற்கு முந்தின ராத்திரி பத்துப் பக்கம் புரட்டுங்கள். 'தி இயர்லிங்'கை முன்பே படித்திருந்தால் நல்லது. படிக்காவிட்டாலும் வீடு புரியும். 'க்ராஸ் க்ரீக்'கை மட்டும் போய் வந்த பிறகு படியுங்கள். மேசை எங்கே, அடுப்பு எங்கே, சாலை எந்தப் பக்கம் என்று தெரிந்து படிக்கும்போது அது வேறு புத்தகமாக இருக்கும். அதை முடித்த கையோடு ஐடெல்லா பார்க்கரின் புத்தகத்தை எடுங்கள். இரண்டையும் இந்த வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஐடெல்லாவிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்கிறாள்.